ஜூனோவில் ஏறிய கடல்

1

அலாஸ்காவுக்குக் கப்பலில் போய் வந்த எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கலியாண வீட்டில் கண்டால் போதும், கையில் ஃபோனைத் திணித்துவிடுவார்கள். பனிமலை, திமிங்கிலத்தின் வால், கப்பலின் மேல்தட்டில் குடித்த கோப்பி என்று எல்லாவற்றையும் காட்டி முடித்த பிறகுதான் எங்களைச் சாப்பாட்டுப் பக்கம் போக விடுவார்கள். கனடாவில், ஸ்காபரோவில் இப்படி எத்தனை வாலைப் பார்த்துவிட்டேன்! ஆனால் கப்பல் துறைமுகத்தில் நிற்கிற பகல் முழுக்க, பெரிய காசு கொடுக்காமல் வெளியில் என்ன செய்யலாம் என்று ஒருவராவது சொன்னதில்லை.

யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கும் என் மச்சாள்தான் அதைக் கேட்டாள். "உங்களை அங்கை இறக்கி விட்டா என்னத்தைச் செய்வியள்? குளிருக்குள்ளை சும்மா நிக்கிறதோ?"

நல்ல கேள்வி. அவளுக்காகவும், அவளைப் போலக் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டவர்களுக்காகவும் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். நடுவில் எங்கள் வீட்டு விசயம் ஒன்றும் வரும். அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2

எங்கள் முப்பத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் அபி கொடுத்த பரிசு இந்தப் பயணம். அவள் எங்கள் ஒரே பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்தவள், பக்கத்து நகரமான மார்க்கத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறாள். எனக்கு ஒரு சோடி வளையல் வாங்கித் தந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். "அம்மா, வளையல் ஒரு எக்ஸ்பீரியன்ஸ் இல்லை" என்றாள். அவள் வளையல் போட்டுப் பார்த்ததில்லை, வேறென்ன.

என் கணவர் சிவநேசன், இந்த நாட்டுக்கு வந்து பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஆறு பேராக இருந்த காலத்திலேயே ஒரு பேக்கரியின் டெலிவரி வானை ஓட்டத் தொடங்கியவர். ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான். விடிய எழும்பி, தமிழ்க் கடை எல்லாவற்றுக்கும் பாண் போடுவார். எந்தக் கடைக்கு எந்தப் பக்கத்தால் பின்கதவு என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவார். அப்படிப்பட்டவர் போன குளிர்காலத்தில் ஒரு நாள், மார்க்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர், பின்னேரம் முழுக்கத் திரும்பி வரவில்லை. ஃபோன் எடுத்தால், "றோட்டு மறிச்சுக் கிடக்கு, சுத்தி வாறன்" என்றார். வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. சோறும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம் என்று போய்ப் படுத்துவிட்டார்.

அன்றைக்கு எந்த றோட்டும் மறிக்கப்படவில்லை என்று அபி தன் ஃபோனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனாள். வைத்தியர் மறதியைச் சோதிக்கக் கடதாசியில் ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார். இவர் முள்ளு, நம்பர் எல்லாம் வைத்து வடிவாகக் கீறிவிட்டு வந்து, ஒரு கிழமையாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். "மணிக்கூடு கீறின ஆளுக்கு வழி தெரியாதோ?" என்பார். ஆனால் அதற்குப் பிறகு ஆள் பேச்சைக் குறைத்துக்கொண்டார். எதைக் கேட்டாலும் ஓம், இல்லை. அவ்வளவுதான்.

அபி அவரைக் கார் ஓட்டாமல் நிறுத்தப் பார்த்தாள். ஊரில் இருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய விசயமாகத் தெரியாது. நாங்கள் இருக்கிற ரூஜ் பக்கத்தில் கார் இல்லாதவர், வீட்டில் கிடக்கிற கதிரை மாதிரித்தான், யாராவது தூக்கிக்கொண்டு போனால் உண்டு. காரையும் பறித்தால் இந்த மனிசன் என்ன ஆவார் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வான்கூவரில் கப்பல் ஏற வரிசையில் நின்றபோது அபி என்னைப் பக்கத்தில் இழுத்துச் சொன்னாள்: "அம்மா, இந்த ட்ரிப் முழுக்க நான் அப்பாவைப் பாக்கப் போறன். ஒண்டும் இல்லையெண்டா கார்க் கதையை இனி எடுக்க மாட்டன், ப்ரொமிஸ். ஏதும் நடந்தா, ஹீ ஹாஸ் டு ஸ்டொப். நீங்களும் என்ரை பக்கம் நிக்கோணும்."

"அந்த மனிசனுக்குத் தெரியாமல் சோதினை வைக்கிறியோடி?" என்றேன். ஆனால் சரி என்று தலையாட்டினேன். எனக்கும் தெரிய வேண்டியிருந்ததே.

3

சோதினை அங்கேயே தொடங்கிவிட்டது. அலாஸ்கா அமெரிக்கா என்பதால், கனடாவில் கப்பல் ஏறும்போதே அமெரிக்க அதிகாரி பாஸ்போர்ட் பார்ப்பார். பிறந்த இடம் என்ற பகுதியில் அவர்களின் கண் கொஞ்ச நேரம் நிற்கும். எங்களுக்கு அது பழகிப்போன விசயம். பயணத்தின் நோக்கம் என்ன என்று இவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இவர் பேசாமல் நின்றார். நான் அபியைப் பார்த்தேன், அபி என்னைப் பார்த்தாள்.

"மை வைஃப்" என்றார் இவர்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பாஸ்போர்ட்டை நீட்டினார். "அப்பாக்குக் கேள்வி விளங்கேல்லையா, இல்லாட்டி ஜோக்கா?" என்று அபி என் காதுக்குள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. முப்பத்தைந்து வருசம் கூட இருந்தும் தெரியவில்லை! அந்தப் பயணம் முழுக்க இதுதான் கதை. அவர் கப்பலில் எங்கள் அறைக்கு எதிர்ப்பக்கம் நடந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவோம். கடைசியில் பார்த்தால் கப்பலின் பின்பக்கத்தில் தண்ணீர் நுரைக்கிறதைப் பார்க்கப் போயிருப்பார்.

4

ஜூனோ, அலாஸ்காவின் தலைநகரம். தலைநகரம் என்று பெயர், ஆனால் வேறெந்த ஊரிலிருந்தும் அங்கே போக றோட்டு இல்லை. கப்பல் அல்லது விமானம்தான். இதைக் கேட்டதும் எனக்கு ஆயிரம் கேள்வி. அப்படியென்றால் இங்கே ஓடுகிற கார் எல்லாம் எங்கேதான் போகிறது? ஊருக்குள்ளேயே போய்த் திரும்பி வருமாம். இதைக் கேட்டு இவர் சிரித்தார், பல நாளுக்குப் பிறகு.

கப்பலில் விற்கிற சுற்றுலாக்களின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். ஹெலிகொப்டரில் பனிமலை மேல் இறக்குவார்களாம், நாய் வண்டியில் இழுத்துப்போவார்களாம். அபி மூன்று பேருக்கும் பதியப் போனாள். இவர் கையைக் காட்டி மறித்தார்.

"வேண்டாம் பிள்ளை. இஞ்சை ஊருக்குள்ளை ரவுண் பஸ் ஓடுது. பாலத்துக்கு அங்காலை ஒரு தீவு. கடற்கரையும் இருக்காம், காசு இல்லை. நான் கூட்டிக்கொண்டு போறன்."

கப்பலில் கிடந்த வரைபடத்தைத் தானே எடுத்து, தானே படித்து வைத்திருந்தார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொல்லி எவ்வளவு காலம்! அபி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

மச்சாள், இனி உனக்கான பகுதி. கப்பல் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் பஸ் தரிப்பு. ஸ்காபரோ பஸ் மாதிரித்தான், சில்லறை போட்டு ஏறலாம். மழைச்சட்டை கட்டாயம், ஆவணியிலும் மழை வரும். கப்பலிலிருந்து பழம், இறைச்சி ஒன்றும் கரைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஸ்காபரோக் கடையில் வாங்கிய, உடைக்காத மிக்சர் பக்கற்றுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் தலைக் கழுகைப் பார்க்க ஆட்கள் காசு கட்டிப் போகிறார்கள். நாங்கள் இறங்கிய தரிப்பில் விளக்குக் கம்பத்துக்கு மேலே ஒன்று சும்மா குந்திக்கொண்டு இருந்தது. எங்கள் ஊரில் காகம் இருக்கிற இருப்புத்தான்.

கடற்கரைக்குப் போகிற வழியில் ஓர் ஓடை. அதற்குள் சமன் மீன்கள், சால்மன் என்பார்களே அதுதான், பிறந்த இடம் தேடிக் கடலிலிருந்து ஏறி வந்து, முட்டையிட்டுச் சாகிற மீன்கள். புலம்பெயர்ந்தவள் இதைப் பார்த்தால் கண் கலங்கி ஊரை நினைக்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அபிகூட, "அம்மா, ப்ளீஸ், இதை யாழ்ப்பாணத்தோடை கொண்டுபோய் முடியாதேங்கோ" என்றாள். நான் ஒன்றையும் முடிச்சுப் போடவில்லை. எனக்கு வந்த சந்தேகம் வேறு: செத்துக் கிடந்த மீன்களில் கண்ணை மட்டும் ஏன் காணவில்லை? பறவைகள் முதலில் கண்ணைத்தான் கொத்துமாம். ஏன் கண்? அதற்குத்தான் இன்னும் பதில் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

"உது குழம்புக்கு உதவாது. சதை வெளுத்துப் போச்சு" என்றார் இவர், ஓடையை எட்டிப் பார்த்து.

5

அந்தக் கடற்கரை மணல் சாம்பல் நிறம். அது கடல் தந்த மணலே இல்லையாம். முன்னொரு காலத்தில் அங்கே தங்கச் சுரங்கம் இருந்தது. தங்கம் எடுக்கப் பாறையை இடித்துப் பொடியாக்கிக் கொட்டிய மிச்சம்தான் அவ்வளவு மணலும். ஒரு நாள் கடல் சுரங்கத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டதாம். அங்கே நட்டிருந்த பலகையில் இதையெல்லாம் வாசித்துக்கொண்டு நின்றேன். வாசித்த எனக்காவது கொஞ்சம் மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

அபி கரையில் ஒதுங்கிக் கிடந்த ஒரு பெரிய மரக்குற்றியில் சாய்ந்தாள், சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டாள். பயணத்துக்கு லீவு எடுப்பதற்காக இரண்டு பேரின் வேலையைச் செய்துவிட்டு வந்த பிள்ளை. இவர் தன் ஜக்கெற்றைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். "எழுப்பாதையும், படுக்கட்டும்" என்றார்.

முன்னால் ஒரு குட்டித் தீவு தெரிந்தது. ஊசியிலை மரங்கள் நின்றன. கரையிலிருந்து அதுவரைக்கும் கல்லும் மணலுமாக ஒரு பாதை ஈரமாகக் கிடந்தது. கடல் வற்றியிருந்தது.

"வாரும், போவம்" என்றார்.

"தண்ணி வராதோ?"

"என்ன கதை கதைக்கிறீர்? நான் வேலணையான். வத்துக் கடலுக்குள்ளை நடந்து வளந்தனான். வந்தாலும் கணுக்காலுக்கு மேலை வராது. ஆறுதலாத்தான் வரும்."

அவர் தீவுக்காரர், நான் கோண்டாவில்காரி. செம்மண்ணும் கிணறும்தான் எனக்குத் தெரியும். நீந்தத் தெரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க மனம் வரவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டாம், கல்லுக் கூர் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார். கல்லில் ஒட்டியிருந்த மட்டியைக் காட்டி, ஊரில் அதை எப்படி அவிப்பார்கள், மண் போக எத்தனை தரம் அலச வேண்டும் என்று சொன்னார். ஊதா நிற நட்சத்திர மீன் ஒன்றைக் கண்டு இரண்டு பேரும் குந்தியிருந்து பார்த்தோம். அது நகர்கிறதா இல்லையா என்று பந்தயம் பிடித்தோம். நகர்ந்தது! இவர் வென்றார். குளிர்காலத்துக்குப் பிறகு அவர் பேசிய பேச்செல்லாம் சேர்த்தாலும் அன்று பேசினதில் பாதி வராது. எனக்கு அவ்வளவு சந்தோசம். தீவைச் சுற்றி மரங்களுக்குள்ளால் நடந்து, மிக்சர் பக்கற்றை உடைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

பாதை இல்லை.

நாங்கள் நடந்து வந்த இடத்தில் தண்ணீர், ஆறு மாதிரி இரண்டு பக்கத்தாலும் ஓடி வந்து நடுவில் முட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் குந்தியிருந்த கல் எது என்றே தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கரைப்பக்கம் இன்னும் இரண்டு கல் மறைந்தது. ஐயோ கடவுளே என்று கத்திவிட்டேன்.

இவர் தண்ணீரையும் கரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன செய்வம்?" என்று கேட்டார்.

பாண் வானைப் பனிப்புயலுக்குள் ஓட்டினவர், ஒரு நாளும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. தண்ணீரைவிட அந்தக் கேள்விதான் என்னைப் பயப்படுத்தியது.

6

என் சத்தத்தில் அபி எழும்பிவிட்டாள். கரையில் நின்று முதலில் ஆங்கிலத்தில் கத்தினாள், பிறகு தமிழில். "அங்கையே நில்லுங்கோ! இறங்காதேங்கோ!" நாயோடு நடந்து வந்த ஒரு வெள்ளைக்கார மனுசி அவளிடம் ஓடி வந்தாள். கையை நீட்டி, நேரே போகாதே, இடப்பக்கம் வளைந்து போ, அங்கே மேடு இருக்கிறது, ஆனால் இப்போதே என்று காட்டினாள். அபி சப்பாத்தோடேயே இறங்கிவிட்டாள். தொடைவரை தண்ணீர். அந்தக் குளிரில் உதடு நீலமாகிப்போய் எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

"அம்மா இந்தக் கை, அப்பா அந்தக் கை. விடாதேங்கோ" என்றாள். கையை விடாமல் நடந்தோம். நடுவில் எனக்கு இடுப்புவரை வந்தது. கால் மரத்துப்போய், நிலத்தில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கரையில் அந்த மனுசி தன் நாயைத் துடைக்கிற துவாயை எங்களுக்குத் தந்தாள். நாய் நாற்றத்தோடு அவ்வளவு அருமையான துவாயை நான் கண்டதில்லை.

நடுங்கிக்கொண்டும் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு தண்ணீரும் எங்கேயிருந்து வந்தது? அந்த மனுசி சொன்னாள்: ஒடுங்கிய கால்வாய்க்குள் கடல் ஏறும்போது வேறு போக இடமில்லை, உயர வேண்டியதுதான். ஒரு நாளில் இரண்டு ஆள் உயரம் ஏறி இறங்குமாம், சில நாள் அதற்கும் மேலே. கடல் ஏறுகிற நேரம் போட்ட சின்னப் புத்தகம் கடைகளில் சும்மா கிடக்குமாம். மச்சாள், எழுதி வைத்துக்கொள்: அங்கே போனால் முதல் எடுக்க வேண்டியது அந்தப் புத்தகம். அது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரில் கடல் ஏறுவது முழங்காலுக்குக்கூட வராது, அதற்கு யார் புத்தகம் போடுவான்?

பஸ்ஸில் ஏறியதும் சாரதி எங்களைப் பார்த்துவிட்டு ஹீற்றரைக் கூட்டினார். கப்பலுக்கு நேரம் இருந்தது. இவர் முன் இருக்கையில் தனியே இருந்தார், நாங்கள் பின்னால். அபிக்குப் பல் கிட்டிக்கொண்டே கோபம் வந்தது.

"அம்மா, யூ சோ இட். இதுக்கு மேலை என்ன வேணும்? ஹீ கான்ட் ட்ரைவ்."

"பொறடி பிள்ளை" என்றேன். எனக்கும் கோபம். "உன்ரை அப்பா இண்டைக்கு ஒண்டையும் மறக்கேல்லை. அவர் கடலை அப்படியே ஞாபகம் வைச்சிருந்தவர், ஒரு அச்சும் பிசகாமல். இந்தக் கடல்தான் வேறை மாதிரி. வேலணையான் எவன் வந்திருந்தாலும் அங்கை மாட்டியிருப்பான். வந்த மூண்டு பேரிலை உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு அவருக்கு மட்டும் என்ன சோதினை?"

அபி ஈரச் சப்பாத்தைக் கழற்றினாள். பஸ் பாலத்தில் ஏறியது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஓகே. தட்ஸ் ஃபெயர்" என்றாள். "இதைக் கணக்கிலை எடுக்கேல்லை. கார்க் கதையை விடுறன்."

எனக்கு உயிர் வந்தது. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இவர் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நீங்கள் ரெண்டு பேரும் என்னைப் பாத்துக்கொண்டு வந்தது எனக்குத் தெரியும்" என்றார். "அம்மா சொன்னது சரி. இண்டைக்கு நடந்தது மறதி இல்லை. இந்தக் கடலை எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"சொறி, அப்பா" என்றாள் அபி.

"பொறு. நான் முடிக்கேல்லை." அவர் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு, மார்க்கம் போன நாள், றோட்டு மறிக்கேல்லை. அது மறதிதான். நான் தினமும் பாண் போட்ட கடைக்கு முன்னாலை காரை நிப்பாட்டிப்போட்டு, இது எந்த இடம் எண்டு இருந்தனான். கடையின்ரை பேரை வாசிக்கிறன், விளங்குது. ஆனா வீடு எந்தப் பக்கம் எண்டு தெரியேல்லை. பின்னேரம் முழுக்க அங்கைதான் இருந்தனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிசன் அத்தனை மாதம் அதைத் தனியே வைத்துக்கொண்டு, மணிக்கூடு கீறினதைச் சொல்லிச் சொல்லித் திரிந்திருக்கிறார். அபி எழும்பிப் போய், ஈர உடுப்போடு அவருக்குப் பக்கத்தில் ஒட்டி இருந்தாள். அவர் கையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது, பிள்ளை" என்றார் அவர். "இனி நீ ஓட்டு. நான் பக்கத்திலை இருந்து வழி சொல்லுறன். பிழையாச் சொன்னா உடனை சொல்லு, பாவம் எண்டு ஒளிக்காதை. நானும் இனி ஒளிக்க மாட்டன்."